இடம்சுற்றும் பேய்

கணினியில் அந்த நிரலைத் திறக்கும்போதெல்லாம் திரையில் முதலில் வருவது இரண்டு பெயர்கள். மேலே தம்பியின் பெயர், கீழே அக்காவின் பெயர். இருவரும் வேலை பார்த்த இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தை விட்டுத் தம்பி போய் இரண்டு வருடமாகிறது. அக்காவோடு அவன் பேசுவதை நிறுத்தியும் அவ்வளவு காலம்தான்.

"இங்க இல்லாதவர் பேரு எதுக்கும்மா?" என்று துறைத் தலைவர் ஒருமுறை கேட்டார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் சார். இடத்தையா அடைக்குது?" என்று சொல்லி அவள் சமாளித்துவிட்டாள். கடவுளை நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறவளுக்கு, அந்தப் பெயரைப் பார்ப்பதும் பிரார்த்தனையில் சேர்ந்துபோயிருந்தது.

துகள்கள் மோதும்போது என்னென்ன நடக்கலாம் என்பதை அவர்கள் துறையில் கோட்டுப் படங்களாக வரைவார்கள். ஒவ்வொரு படமும் ஒரு கணக்கு. படங்கள் ஆயிரக்கணக்கில் பெருகினால் மனிதக் கை ஓய்ந்துவிடும். அதற்காகத்தான் இருவரும் சேர்ந்து அந்த நிரலை எழுதினார்கள். படங்களை வரைந்து தள்ளுவது தம்பி எழுதிய பகுதி. அவற்றைக் கூட்டிச் சுருக்கி விடை சொல்வது அக்கா எழுதிய பகுதி.

ஒப்பந்தம் முடிந்து அவனுக்கு லிஃப்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அன்று அக்கா எல்லார் முன்னிலையிலும், "ஜனங்களை மேலயும் கீழயும் இழுத்துட்டுப் போறதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று கேட்டுவிட்டாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் போகிறானே என்ற ஆற்றாமை அதற்குள் முள்ளாக இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவன்தான். பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. நாளடைவில் கூப்பிடவே கூச்சமாகிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் காலை மின்னஞ்சல் ஒன்று வந்திருந்தது. எழுதியவள் எங்கோ தொலைவில் இருக்கும் ஆராய்ச்சி மாணவி, முன்பின் தெரியாதவள். கணக்கின் நடுவே வசதிக்காக நாமே ஓர் எண்ணைப் போட்டுக்கொள்வது வழக்கம். எந்த எண்ணைப் போட்டாலும் கடைசி விடை அசையக் கூடாது. அசைந்தால் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். நிரலின் புதிய பதிப்பில் விடை அசைகிறது என்று அவள் எழுதியிருந்தாள். தன் பெரிய கணக்கை அப்படியே தூக்கி அனுப்பாமல், பிழை தெரியும் அளவுக்குப் பொறுமையாக வெட்டி வெட்டி, சிறு உதாரணமாக்கி இணைத்திருந்தாள். "தவறு என்னுடையதாகவும் இருக்கலாம். உங்கள் இருவரின் நிரல் இல்லாவிட்டால் என் ஆராய்ச்சியே இல்லை" என்று முடித்திருந்தாள். முகம் தெரியாதவர்களின் நேரத்தை மிச்சப்படுத்த ஒருத்தி தன் நேரத்தைச் செலவழித்திருக்கிறாள். இப்படிப்பட்டவர்களை வைத்துத்தான் கடவுள் உலகத்தை நடத்துகிறார் போலும்.

மின்னஞ்சல் இரண்டு முகவரிகளுக்கு வந்திருந்தது. இரண்டாவது, தம்பியுடையது.

அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேலையில் பாதி மனம்தான். அவன் படித்திருப்பானா? பதில் போடுவானா? ஒரு வரி வந்தாலும் போதும்.

மதியத்துக்குள் பிழை அகப்பட்டது. கணக்குக்குள் மட்டும் வந்துபோகும், வெளியே எந்தக் கருவியிலும் சிக்காத சில துகள்களுக்குத் துறையில் பேய் என்றே பெயர். படத்தில் பேய் ஒரு வளையமாகச் சுற்றும். வலமாகச் சுற்றுவதை ஒன்றாகவும் இடமாகச் சுற்றுவதை இன்னொன்றாகவும் தம்பி வரைய வைத்திருந்தான். ஒரே படம் இரண்டு தடவை வருகிறது, இவன் எப்போதும் இப்படித்தான் என்று நினைத்து, புதிய பதிப்பில் அவள் ஒன்றை நீக்கியிருந்தாள். வளையத்தில் இரண்டு கோடுகள் மட்டும் வந்து சேரும் படங்களில் இரண்டும் ஒன்றேதான்; அவள் சோதித்துப் பார்த்ததும் அவற்றைத்தான். மூன்று கோடுகள் சேர்ந்தால் இரண்டும் வேறு வேறு. அங்கேதான் சறுக்கிவிட்டது.

பழைய வரியைத் திருப்பி வைத்தால் வேலை முடிந்தது. அவனைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அதுதான் அவளுக்குத் துக்கமாக இருந்தது.

வரியைத் திருப்பி வைத்துவிட்டு மாணவிக்குப் பதில் எழுதினாள். "பிழை என்னுடையது. இடமாகச் சுற்றும் பேயை நான்தான் நீக்கிவிட்டேன். முதலில் எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருந்தார்." தம்பிக்கும் அது போகும்படி அனுப்பினாள். தேநீர் ஆறியது. யாரிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடி ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டு, போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

எதிர்முனையில் உடனே எடுத்தார்கள்.

"என்னக்கா, பேயை விரட்டிட்டியாமே?"

"பாதிப் பேயைத்தான்டா. படிச்சியா?"

"அந்தப் பொண்ணு எழுதினதைக் காலையிலயே. பாத்ததும் எங்க தப்புன்னு புரிஞ்சுடுச்சு."

"அப்ப ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா?"

"என்னன்னு போடுறது? அக்காவுக்கு வலம் இடம் தெரியலைன்னா?"

"போட்டிருக்கலாமே. சந்தோஷப்பட்டிருப்பேன்."

பின்னால் யாரோ கூப்பிட, "தோ வரேன்" என்று அவன் சொல்வது கேட்டது.

"லிஃப்ட் வேலையைப் பத்தி நான் அப்படிக் கேட்டது தப்புடா."

"தப்புதான்" என்றான். "நீ கூப்பிட்டப்பல்லாம் எடுக்காததும் தப்புதான். அப்புறம் நானா கூப்பிட தைரியம் வரலை. சரி, திருத்தினியே, ஓட்டிப் பாத்தியா?"

"இன்னும் இல்ல."

"ஓட்டு. நான் லைன்லயே இருக்கேன்."

அவள் அந்தச் சிறு உதாரணத்தைப் போட்டு ஓட விட்டாள். திரையில் இரண்டு பெயர்களும் வந்தன. படங்கள் உருவாகத் தொடங்கின. அவன் மூச்சு விடுவது கேட்டது. நிரலை இன்னும் மெதுவாக ஓடும்படி எழுதியிருக்கலாமோ என்று முதன்முதலாக அவளுக்குத் தோன்றியது.

விடை வந்தது. எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினாள். அதே விடை.

"அசையலை" என்றாள். இனி அவன் போனை வைத்துவிடுவான் என்று நினைத்தாள்.

"வேற ஒரு எண் போட்டுப் பாரு."

"ரெண்டு பாத்தாச்சே. போதாதா?"

"போதும்தான்" என்றான் தம்பி. "இருந்தாலும் போடேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "என்ன எண் போடட்டும், சொல்லு" என்றாள்.