சொல்லிவிட்டுத் தொடவும்

கட்டிலில் கிடந்த ரப்பர் பொம்மைக்கு லுங்கி கட்டி, தலைக்கு இரண்டு தலையணை கொடுத்திருந்தார்கள். தி. நகரில் ஒரு மாடிக் கூடம். வீடுகளில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருபது பேருக்கு ஏஜென்ஸி பத்து நாள் பயிற்சி நடத்தியது. அன்று கடைசித் தேர்வு. தேவானை தன் முறை வந்ததும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பொம்மையின் காதருகே குனிந்தாள்.

“நைனா, நான் தேவானை. இப்ப உன்னிய இந்தப் பக்கமா திருப்பப் போறேன். முதுவு தொடைக்கணும், சரியா?”

சொல்லிவிட்டு, பொம்மையின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். கூடம் கொல்லென்று சிரித்தது.

“இன்னாக்கா, பதில் சொல்லிச்சா?” என்றாள் ஒருத்தி.

தேவானைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பதினோரு வருஷப் பழக்கத்தில் அது பொம்மை என்பதே மறந்துபோயிருந்தது.

பயிற்சி கொடுத்த ஜெயஸ்ரீ சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. மதிப்பெண் தாளைத் தூக்கிக் காட்டினாள். “முதல் வரி என்ன? ‘சொல்லிவிட்டுத் தொடவும்.’ இதுக்கு மட்டும் பத்து மார்க். இதுவரைக்கும் பண்ணின பன்னெண்டு பேருக்கும் தோணலையே! சொல்லணும், அவங்க சரின்னு காட்டுற வரைக்கும் நிக்கணும்.”

தேவானைதான் முதலாவதாக வந்தாள்.

அடுத்த வாரம் சான்றிதழ்கள் வந்துவிட்டன என்று கேள்விப்பட்டதும், மயிலாப்பூரில் இருக்கும் ஏஜென்ஸி ஆபீசுக்கு ஓடினாள். அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரியில் பகல் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அசல் சான்றிதழோடு அன்றைக்கு நாலு மணிக்குள் போக வேண்டும். காலை எட்டுக்குப் போனால் சாயங்காலம் வீடு. மற்றவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், தேவானைக்கு அது பெரிய விஷயம். பதினோரு வருஷமும் ஊரார் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்தவள் அவள். நொச்சிக்குப்பத்தில் மகள் சிந்து வயதுக்கு வந்த சேதியே அவளுக்குப் போனில்தான் வந்தது.

அவளுடைய சான்றிதழ், ஆபீஸ் சுவரில் இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, அவள் போட்டோவோடு, நட்ட நடுவில் மாட்டியிருந்தார்கள். மாலை ஒன்றுதான் குறை.

“சார், அத்த கொஞ்சம் கயட்டிக் குடு சார். நாலு மணிக்குள்ள அடையாறு போவணும். ஆஸ்பத்திரில ஒரிஜினல் கேக்கறாங்கோ.”

மேனேஜர் சுரேஷ்குமார் கோபப்படவில்லை. ஒரு ஃபைலைப் பிரித்து அவள் பக்கம் திருப்பினார். “இது உன் கையெழுத்துதானே?”

“ஆமா சார். பயிற்சிக்கு வந்தேன்னு போட்டது.”

“அது மேல் தாள். இது அடியில இருந்த தாள். ரெண்டு வருஷம் இங்கதான் வேலை, அதுவரைக்கும் சர்டிபிகேட் ஆபீஸ்லதான்னு போட்டிருக்கு பாரு.”

முதல் நாள் காலை அவள் கண்முன் வந்தது. இருபது பேர் வரிசை, ஒரே பேனா, சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டல். கிளிப்புக்குள் இரண்டு தாள், கையெழுத்துப் போடும் இடத்துக்கு மட்டும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

“ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே சார்.”

“சொன்னா போட்டிருக்க மாட்டியே,” என்று சிரித்தார் அவர்.

அப்போது ஒரு பெண்மணி உள்ளே வந்தாள். சாருலதா என்று பேர், அடையாறு காந்தி நகரில் வீடு. அப்பாவுக்குப் பக்கவாதம், இருபத்து நாலு மணி நேரமும் கூட இருக்க ஆள் வேண்டும். “டிரெயினிங் எடுத்தவங்கதானே?” என்று கேட்டாள்.

“சுவத்தப் பாருங்க மேடம், முதல் மார்க்கு. அந்த தேவானை இவங்கதான். இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க.”

சாருலதா சான்றிதழைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். தேவானையை யாரும் கேட்கவில்லை. முடியாது என்றால் சான்றிதழும் இல்லை, இருக்கிற வேலையும் இல்லை. கூப்பிட்ட உடனே கிளம்ப வசதியாக அவள் துணிப்பை எப்போதும் ஆபீஸ் மூலையில்தான் கிடக்கும். அதை எடுத்துக்கொண்டாள்.

சாருலதா நல்ல மாதிரிதான். காரில் ஏறியதும், “சாப்டீங்களா?” என்று விசாரித்தாள்.

“ஆச்சும்மா. அந்த போட்டோவ எனக்கு அனுப்பறீங்களா?”

“அனுப்பறேனே. ஞாபகார்த்தமா வச்சுக்கவா?”

தேவானை தலையாட்டி வைத்தாள். கார் அந்த அடையாறு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியது. சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் உறைகளை மார்போடு அணைத்தபடி பெண்கள் வரிசையில் நின்றார்கள். மணி மூன்றரை.

காந்தி நகர் வீட்டில் பெரியவர் சுவர்ப் பக்கம் சாய்ந்து கிடந்தார். முதுகில் சட்டை நனைந்திருந்தது. தேவானை பையை மூலையில் வைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து குனிந்தாள்.

“நைனா, நான் தேவானை. இனிமே இங்கதான் இருக்கப் போறேன். உங்களத் திருப்பிப் படுக்க வைக்கட்டா?”

“அப்பாவால பேச முடியாதும்மா. நீங்க பாட்டுக்குத் திருப்புங்க,” என்றாள் சாருலதா.

“இருங்கம்மா. அவுர கேக்காம எப்டி?”

பெரியவரின் கண்கள் மெல்ல அவள் முகத்துக்கு வந்தன. கைகளை அந்தரத்தில் நிறுத்தியபடி, அவர் இமை மூடித் திறக்கும்வரை தேவானை காத்துக்கொண்டு நின்றாள்.