ஒரு கரண்டி தேநீரும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் அக்காவிடமிருந்து திருடியது. அதனால் இதில் 'நான்' வரமாட்டேன். 'தம்பி' என்று ஒருவன் வருவான். மூஞ்சியை மறைக்க அவ்வளவு துணிதான் கிடைத்தது.

2

தம்பி ஒரு புத்தகம் எழுதினான். படுக்கையில் விழுந்துவிட்ட பெரியவர்களை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி என்று இருநூறு பக்கம். புரட்டிப் படுக்கவைப்பது, முதுகில் புண் வராமல் காப்பது, கடைசி நாட்களை அடையாளம் காண்பது, எல்லாம் உண்டு. அப்பாவை நாலு வருஷம் பார்த்துக்கொண்டவள் அக்கா. தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் வாங்கிக்கொண்டு போய், குறிப்பெடுத்துக்கொண்டு வந்தான்.

[இங்கே 'ஒருமுறை அவனும் படுக்கை விரிப்பை மாற்றினான்' என்று எழுதி அடித்துவிட்டேன். பாதியில் அக்காதான் வாங்கி முடித்தாள்.]

3

அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்தான். மூன்றாம் நாள் போனால், சமையலறை மேசையில் தாள்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பென்சில் நின்றிருந்தது.

'விழுங்க முடியாதவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். ஒரு கரண்டி நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கு ஆபத்து.'

"இது நிஜமாடா?"

"டாக்டர் சொன்னதுதான்க்கா. ஏன்?"

"அப்பாவுக்கு நான் டீ குடுத்தேன். ஒரே ஒரு ஸ்பூன். மூக்குல குழாய் போட்டு எட்டு நாளாச்சு, வாயைத் தொறந்து தொறந்து காட்டுனார். மனசு கேக்கல. குடுத்ததும் இருமல். மறுநாள் காய்ச்சல். அப்புறம்தான் உனக்கே தெரியுமே."

தம்பி அந்த வரியை மறுபடி படித்தான். அப்பா போய்ச் சேர்ந்த மூன்று வருஷமாக இதை வயிற்றில் கட்டிக்கொண்டா இருந்தாள்?

"அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதுக்கா. அந்த வரியை எடுத்துடுறேன்."

"எடுத்தா, இன்னொருத்தி தெரியாம குடுத்துடுவா."

"சரி, இருக்கட்டும்."

"இருந்தா, ஏற்கெனவே குடுத்தவ படிப்பாளே."

4

முடிவு ஒன்று: அக்கா அழுகிறாள், தம்பி தேற்றுகிறான். (பொய். அக்கா எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். தம்பி தாள்களை அடுக்கினான், அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.)

முடிவு இரண்டு: பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. 'அன்பினால் கொடுத்திருந்தால் அது உங்கள்...'

இதற்கு மேல் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்காரன் மன்னிப்பு வழங்கக் கூடாது.

5

வாசல் வரை வந்த அக்கா சொன்னாள்: "டீ உள்ள போனதும் அப்பா கண்ணை மூடிச் சிரிச்சார்டா. அதையும் போடு."

"எந்த இடத்துலக்கா போடுறது?"

"எழுதுறவன் நீதானே."

அச்சகத்துக்காரர் காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். நான் எடுக்கவில்லை. அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது, அப்பாவின் சிரிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. பக்கத்தின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைத் தாள் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது இப்போது வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தால், என்ன செய்தீர்கள் என்று அதில் எழுதுங்கள். எழுதிவிட்டு எனக்கும் சொல்லுங்கள். அக்காவிடம் போய் நான் ஏதாவது சொல்லியாக வேண்டும்.