இருபதாவது வருடத்தின் கடைசி நாள்

ஆடுகளை ஏற்ற மாட்டேன் என்று நுன்ஸியாத்தா சொன்னதும் லாரிக்காரன் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

அன்று செப்டம்பர் இருபத்தொன்பது, மிக்கேல் அதிதூதர் திருநாள். மலையில் புல் காய்ந்துவிட்டது. இத்தாலிய மலையூரான ரோக்காவெர்தேயில் ஆடு வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் இந்த வாரத்தில்தான் மந்தையைப் பூலியா சமவெளிக்கு இறக்குவார்கள். ஒரு காலத்தில் நடத்தியே கொண்டுபோனார்கள். ரோமர் காலத்துப் பழைய கல் வாசல் வழியாக உள்ளே வந்து, மிக்கேல் கோயிலை மந்தையோடு மூன்று சுற்று சுற்றி, பிறகுதான் கீழே இறங்குவது. லாரி வந்ததும் கால்கள் அந்த வழியை மறந்துவிட்டன. கடைசியாக அந்த வழியில் நடந்தவர்கள் நுன்ஸியாத்தாவும் அவள் கணவன் ரொக்கோவும். ரொக்கோ இப்போது இல்லை.

அந்த வாசலையும் கோயிலுக்குப் போகும் புல்வெளியையும் போன வருடம் லொரேத்தோ வாங்கியிருந்தான். அங்கே அவனுக்கு ஒரு ஓட்டல். "இந்த வருஷம் நடந்து போகலாம்னு இருக்கேன், உங்க நிலத்து வழியா விடுங்க" என்று ஆகஸ்டில் அவள் மரியாதையாகத்தான் கடிதம் எழுதினாள். பதில் வக்கீலிடமிருந்து வந்தது. கடைசியாக அவ்வழியில் மந்தை சென்றது இன்ன வருடம் மிக்கேல் திருநாளன்று. இந்தத் திருநாளோடு இருபது ஆண்டுகள் நிறைகின்றன. இருபது ஆண்டு நடக்காத வழியில் எவருக்கும் உரிமை இல்லை. அம்மையார் லாரியைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

வக்கீல்களுக்குச் சில சமயம் வாய் கொஞ்சம் நீளம். இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிறது என்பதை அந்தக் கடிதம்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

பத்து மணிக்கு நூற்று நாற்பத்திரண்டு ஆடுகளும் இரண்டு வெள்ளை நாய்களும் வாசலுக்கு முன்னால் வந்து நின்றன. வாசலுக்கு உள்ளே புல்வெளியில் நீள மேசைகள், வெள்ளைத் துணி, கண்ணாடிக் கிண்ணங்கள். ஓட்டலின் புதுக் கட்டடத்துக்குத் திறப்பு விழா. நகரத்திலிருந்து வந்த விருந்தாளிகள் கையில் மதுவோடு ஆடுகளைப் படம் எடுத்தார்கள். ஏற்பாடு செய்த வேடிக்கை என்று நினைத்திருக்க வேண்டும்.

வாசலில் கார்மினே நின்றான். நகராட்சிக் காவலன், அவளுக்குச் சித்தப்பா மகன்.

"அக்கா, என் வேலைக்கு உலை வைக்காதீங்க. தார்ரோடு வழியா போங்க."

"தார்ரோட்டுக்கும் எனக்கும் என்னடா சம்பந்தம்? எங்க கல்யாணம்கூட இந்த வாசல் வழியாத்தான் போச்சு."

"கல்யாணம் போகலாம். கழுதை, ஆடு போகக்கூடாதுன்னு உத்தரவு."

"உன் கல்யாணத்துல ரெண்டும் போச்சே."

கார்மினே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அதற்குள் லொரேத்தோ மேசைகளுக்கு நடுவே ஏறக்குறைய ஓடி வந்தான். வெளிர்நிறச் சூட்டு, புதுக் காலணி. ஆட்டுப் புழுக்கையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தான்.

"என்னம்மா இது? வக்கீல் எழுதினது புரியலையா?"

"நல்லா புரிஞ்சுது தம்பி. அதான் வந்திருக்கேன்."

அந்த நேரத்தில் பங்குச் சாமியார் தோன் எர்மெத்தே வந்தார். திருநாள் பூசைக்காகப் வெள்ளையும் பொன்னும் கலந்த மேலங்கி போட்டிருந்தார். ஊருக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ரோமில் படித்தவர். போன ஞாயிறு பிரசங்கத்தில் அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: மந்தையோடு கோயிலைச் சுற்றுவது கிறிஸ்தவ வழக்கமல்ல.

"நுன்ஸியாத்தாம்மா, நான் சொன்னேன்ல," என்றார். "கோயில்ல மிக்கேல் சிலை காலுக்குக் கீழ இருக்கிற கல்லைப் பாருங்க. கதாயுதம் செதுக்கியிருக்கு. அது பழைய ரோமாக்காரங்க கும்பிட்ட ஹெர்குலிஸோட பலிக்கல். இந்தச் சுத்தெல்லாம் அவருக்குச் செஞ்சது."

"இருக்கட்டும் சாமி. நீங்க போட்டிருக்கிற அங்கி யாருக்குச் செஞ்சது? பழைய ரோமாக்காரன் மழைக்குப் போத்தின போர்வைன்னு ஈஸ்டருக்கு நீங்கதானே சொன்னீங்க."

யாரோ சிரித்தார்கள். சாமியாரின் காது சிவந்தது.

"அதைத் திருச்சபை ஏத்துக்கிட்டாச்சு."

"அப்ப ஆட்டையும் ஏத்துக்கட்டும். போர்வையைவிட ஆடு சாது."

"இதெல்லாம் கோயில் விஷயம்," என்று லொரேத்தோ இடையில் புகுந்தான். "இது என் நிலம். அவ்வளவுதான்."

நுன்ஸியாத்தா கோலைத் தூக்கி வாசலின் வளைவைக் காட்டினாள். கருத்த கல்லில் வரிவரியாக எழுத்து. பறவை எச்சமும் பாசியும் பாதியை மூடியிருந்தன. ரொக்கோவின் அப்பா அதன் அர்த்தத்தை அவளிடம் சொல்லியிருந்தார். அவருக்கு அவர் அப்பா. யாருக்கும் லத்தீன் தெரியாது.

"சாமி, நீங்க படிச்சவரு. பொய் சொல்லாமப் படிங்க."

தோன் எர்மெத்தே அந்த வாசல் வழியாகத் தினமும் போகிறவர். ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்க்குள் படித்தார். திரும்பவும் படித்தார். சத்தமாகச் சொல்லாமல் தப்பிக்க முடியுமா என்று அவர் ஒரு கணம் யோசித்தது அவளுக்குத் தெரிந்தது.

"ஊர் அதிகாரிகளுக்கு எழுதினது," என்றார் கடைசியில். "இந்த வழியா மந்தையோட போற இடையர்களைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு. திரும்பவும் புகார் வந்தா தண்டனைன்னு. பேரரசரோட ஆட்கள் எழுதியிருக்காங்க."

லொரேத்தோ கைதட்டினான். "பிரமாதம். அந்த ராஜா செத்து ஆயிரத்தெண்ணூறு வருஷம் ஆச்சு."

"அவரு செத்தாரு. உன் வக்கீலு எழுதின இருபது வருஷக் கணக்கு எங்கிருந்து வந்துச்சாம்? நடக்காத வழி செத்த வழின்னு முதல்ல சொன்னது யாரு சாமி?"

"அதுவும் அவங்கதான்," என்றார் சாமியார், மெதுவாக. "ரோமச் சட்டம்தான்."

"கேட்டுக்க தம்பி. செத்தவன் சட்டம் உனக்கு வேணும், செத்தவன் கட்டளை வேணாமா? ஒண்ணு ரெண்டையும் வச்சுக்க. இல்ல ரெண்டையும் விடு."

அவள் மந்தையின் பக்கம் திரும்பினாள். நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு ஒலி எழுப்பினாள். மணி கட்டிய கிடா தலையைத் தாழ்த்திக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தது. அதன் பின்னால் மொத்த மந்தையும், ஒரு மூட்டை பிரிந்து கொட்டியது போல. கார்மினே ஒதுங்கி வழிவிட்டான். ஒதுங்காவிட்டாலும் அவை போயிருக்கும். முதல் மேசை ஆடியது. இரண்டாவது மேசையின் துணியை ஒரு கிழட்டு ஆடு சாவதானமாகக் கடித்து இழுத்தது. கிண்ணங்கள் உடைந்தன. விருந்தாளிகள் நாற்காலிகளில் ஏறினார்கள்.

லொரேத்தோவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற? அபராதம் எழுது. இப்பவே எழுது. ஒரு எழுத்து விடாம எழுது."

கார்மினே புத்தகத்தை எடுத்தான். நுன்ஸியாத்தா அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"தேதி போட்டியா?"

"போட்டேன்."

"நேரம்?"

"பத்து இருபது."

"எத்தனை ஆடு? நூத்து நாப்பத்திரண்டு. எந்த வழி? மேல் மேய்ச்சலிலேர்ந்து பழைய வாசல் வழியா மிக்கேல் கோயிலுக்குன்னு முழுசா எழுது. கோணலா எழுதாத, அப்புறம் படிக்க முடியாது."

கார்மினேயின் பேனா நடுவில் நின்றது. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மறுபடி குனிந்து, பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு அழகாக எழுதியிராத எழுத்தில் எழுதினான். புகார் கொடுத்தவர் என்ற இடத்தைக் காட்டினான். லொரேத்தோ பேனாவைப் பிடுங்கி, காகிதம் கிழியும்படி கையெழுத்துப் போட்டான்.

நாற்காலியிலிருந்து ஒரு குட்டையான மனிதர் இறங்கிக் கழுத்தில் செருகிய விருந்துத் துணியோடு ஓடி வந்தார். "எழுதாதே. எழுதாதே. எழுத விடாதீங்க." அவர்தான் வக்கீல்.

"எழுதியாச்சே ஐயா," என்றான் கார்மினே.

"கிழிச்சிடு."

"நம்பர் போட்ட புத்தகம். கிழிச்சா நான்தான் உள்ள போகணும்."

லொரேத்தோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வக்கீல் அவன் காதில் ஏதோ சொன்னார். இருபது வருடம் நிறைவதற்குள் மந்தை நடந்துவிட்டது என்பதற்கு அரசாங்க முத்திரையோடு சாட்சி, கீழே அவனுடைய கையெழுத்து. அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"ஐம்பது யூரோ அக்கா," என்றான் கார்மினே சீட்டை நீட்டி.

"கட்டுவேன்டா. மனசார கட்டுவேன்."

சீட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அவள் கோயிலை நோக்கி நடந்தாள். தோன் எர்மெத்தே முன்னால் போய்ப் படியில் நின்றிருந்தார்.

"நான் ஆடுகளை ஆசீர்வதிக்க மாட்டேன்," என்றார்.

"நான் கேக்கலை சாமி. கதவை மட்டும் சாத்தாதீங்க."

அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. பூசை தொடங்கியது. ஒரு சுற்று. மணிச் சத்தத்தில் வாசகம் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது சுற்றில் அவர் குரலை உயர்த்தினார். மூன்றாவது சுற்று முடிந்தபோது கிடா தானாகவே கீழ்ப்பாதைப் பக்கம் திரும்பியது. நுன்ஸியாத்தா கோலால் அதன் தோளைத் தொட்டு மறுபடி கோயில் பக்கம் திருப்பினாள்.

சாமியார் பீடத்திலிருந்து கோயில் கதவுக்கே வந்துவிட்டார்.

"மூணு முடிஞ்சுதேம்மா. இது யாருக்கு?"

"எனக்கு," என்றாள் அவள், நிற்காமல்.