வெட்டுப்பட்ட இடம்

படத்துக்குப் பணம் போடுகிற முதலாளி பக்கத்தைப் புரட்டப் புரட்ட, அக்காவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. கதை அவளுடையது. மாதக்கணக்கில் இடுப்பொடிய உட்கார்ந்து எழுதியது. இயக்கப் போகிற தம்பி, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் கடைசிக் காட்சியைத் தூக்கிக் கடாசிவிட்டு, பழைய படம் ஒன்றிலிருந்து அப்படியே இறக்கி வைத்திருந்தான். சினிமாக்காரன் புத்தி, கூடப்பிறந்தவள் என்றும் பார்க்காது.

“என்னடா இது?”

“அந்தப் படத்தைப் பார்த்துத்தானேக்கா நீயே எழுத ஆரம்பிச்சே? நான் செஞ்சா மட்டும் குத்தமா?”

“பார்த்து எழுதுறது வேற. பிச்சு ஒட்டுறது வேற.”

“சும்மா இரும்மா,” என்றார் முதலாளி. “ஓடிப்போன மகன் வந்து கதவைத் தட்டுறான். அம்மா நாற்காலியில உட்கார்ந்திருக்கா. டக்குனு திரை இருட்டு. வெளிச்சம் வந்தா, அம்மா திறந்த கதவுகிட்ட நிக்கிறா! என்னா டெக்னிக்!”

தம்பி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

“இந்த இருட்டை எங்கடா பிடிச்சே?”

“படத்துலேயே இருக்கே. நம்ம வீட்டு கேசட்டுல எத்தனை தடவை பார்த்திருக்கோம்.”

“டிவியில ஓடும்போது அதைப் பதிஞ்சது யாரு?”

“அப்பா.”

“விளம்பரம் வந்தா அப்பா என்ன பண்ணுவாரு?”

விளம்பரம் என்றாலே அப்பாவுக்கு ஆகாது. பொத்தானை அமுக்கிப் பதிவை நிறுத்துவார். மறுபடி அமுக்குவதற்குள் கண் அசந்துவிடுவார். படம் அதுபாட்டுக்குப் போயிருக்கும். கேசட்டில் அந்த இடம் மட்டும் இருட்டடித்துவிட்டுத் தாவும்.

“டெக்னிக்காம் டெக்னிக்! எங்கப்பா தூங்கினதுங்க அது!” மேசையில் ஓங்கி அடித்தாள். முதலாளியின் டீ தளும்பிக் கொட்டியது.

“அப்போ படத்துல நடுவுல அந்தம்மா என்னதான் பண்ணினாங்க?” என்றார் முதலாளி.

“யாருக்குத் தெரியும்? நான் முழுப் படத்தைப் பார்த்ததே இல்லை, பார்க்கவும் மாட்டேன். அந்த ஓட்டையையே யோசிச்சு யோசிச்சு எழுதினதுதான் என் காட்சி. அதைக் கிழிச்சுட்டு இந்த அறிவாளி ஓட்டையை எடுத்து வெச்சிருக்கான்.”

“தெரியாமப் போச்சுக்கா.”

“படம் தெரியாட்டிப் போகட்டும். பெத்த அப்பன் கை தெரியலையே உனக்கு!” பையிலிருந்து தன் பக்கத்தை உருவி அவன் மடியில் எறிந்தாள். “படி. சத்தமா. இது இல்லேன்னா, கதையைத் தூக்கிட்டு நான் போய்க்கிட்டே இருப்பேன்.”

தம்பி படித்தான். “மகன் கதவைத் தட்டுகிறான். அம்மா எழுந்திருக்கவில்லை. உரித்துக்கொண்டிருந்த பூண்டைக் கடைசிப் பல் வரை உரிக்கிறாள். மறுபடி தட்டுகிறான். ‘நிக்கட்டும்’ என்கிறாள். தோலைக் கூட்டி அள்ளுகிறாள். கை கழுவுகிறாள்...”

“அப்புறம்?” என்றார் முதலாளி.

“அப்புறம்தான் கதவு,” என்றாள் அக்கா.

முதலாளி, தம்பி எழுதிய பக்கத்தை எடுத்து, கொட்டியிருந்த டீயைத் துடைத்தார்.

அக்காவுக்கு அப்போதும் ஆறவில்லை. “பூண்டைக்கூட ஒழுங்காப் படிக்கத் தெரியலை,” என்றாள்.