முப்பத்திரண்டு போல்ற்றுகள்

நாலரைக்கு நாங்கள் திரும்பி வந்தபோது பியானோ பளபளத்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

காலையில் எமிலி அக்காவும் நானும் நாலு மணித்தியாலம் குனிந்து நின்று, அதன் கம்பிகளுக்கிடையில் முப்பத்திரண்டு போல்ற்றுகளைச் செருகியிருந்தோம். ஊர்காவற்றுறையில் வள்ள எஞ்சின் திருத்துகிற கடையில் வாங்கியவை. அப்படிச் செருகினால் பியானோ மணி போலவும் மேளம் போலவும் ஒலிக்கும். எமிலி அக்காவுக்கென்றே ஒருவர் எழுதிய இசை அது. இன்னும் யாரும் கேட்கவில்லை. ஐந்தரைக்கு மாதா கோயில் மண்டபத்தில் முதல் முறையாக வாசிக்க இருந்தார்.

கோயிலைக் கூட்டித் துடைக்கிற யாகப்பு அண்ணை போல்ற்றுகள் நிறைந்த ஒரு பால்மா ரின்னை நீட்டினார். "ஆரோ காவாலியள் உள்ளுக்கை இரும்பு போட்டிட்டாங்களாம் அக்கா. ஒண்டும் விடாமல் கழட்டிப்போட்டன்."

முகத்தில் அவ்வளவு பெருமை. அவரில் எனக்குக் கோபம் வரவில்லை.

விழாக் குழுத் தலைவர் சில்வெஸ்ரர் மாஸ்ரர் பின்னால் வந்தார். காலையில் நாங்கள் செருகுவதைக் கதவடியில் நின்று பார்த்தவர்.

"நான்தான் கழட்டச் சொன்னனான். கோயில் சாமான். நீர் லண்டனிலை என்னவும் செய்யும் எமிலி. இஞ்சை சனத்துக்கு விளங்கிற மாதிரி ஒரு வால்ஸ் வாசியும், போதும்."

எமிலி அக்கா கதிரையில் இருந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது. லண்டனிலும் கொழும்பிலும் இருபத்தாறு வருடம், உயிரோடு இருக்கிறவர்கள் எழுதியதையே மேடையில் வாசித்தவர். பழையதை வாசித்தால் கூப்பிடுவோம் என்று பெரிய மண்டபங்கள் சொல்லின. அவர் மாறவில்லை. முந்தின வருடத்து ஆடிக் கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்தது. இந்த இசைத்தாள்கள் மட்டும் கைப்பையில் தப்பின. போல்ற்றுகளை எங்கெங்கே செருகுவது என்ற தாளும் எரிந்துவிட்டது. அந்த இடங்களைத்தான் காலையில் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுத் திரும்பக் கண்டுபிடித்தோம்.

இப்போது சொந்த ஊரிலும் அதே பழைய நடன இசை, வால்ஸ்.

"வால்ஸ் ஏலாது," என்றார் எமிலி அக்கா. "ஒரு மணித்தியாலத்திலை எல்லாத்தையும் திரும்பத் தேடவும் ஏலாது."

நான் பௌதிகவியல் படித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தேன். அவருக்குப் பக்கம் திருப்புவது என் வேலை. நாலு பேர் முன்னால் கதைக்க எனக்கு வராது. ஆனால் ஒவ்வொரு போல்ற்றின் இடத்தையும் மில்லிமீற்றரில் கொப்பியில் குறித்திருந்தேன்.

"என்னட்டை அளவு இருக்கு," என்றேன்.

"பிள்ளை, நீர் சும்மா இரும்."

"இருக்கமாட்டன் மாஸ்ரர். காலமை நீங்கள் கண்டனீங்கள். கண்டிட்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. நாங்கள் சாப்பிடப் போகுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. சனம் வரத் தொடங்கியிருந்தது. அவர் சுற்றிப் பார்த்தார். போய் முன்வரிசையில் இருந்தார்.

நான் அளப்பதற்கு அடிமட்டத்தை எடுத்தேன். யாகப்பு அண்ணை ரின்னைப் பிடித்தார். மீன்பிடிக்கிற லியோன் அண்ணை எழும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"இது என்ரை எஞ்சின் போல்ற் எல்லோ. பூட்டி முடிய நயினாதீவுக்கு ஓடுமோ?"

எமிலி அக்காவும் சிரித்தார்.

ஆறரைக்கு வாசித்தார். பாதிச் சனம் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டது. இடையிலும் சிலர் எழும்பினார்கள். லியோன் அண்ணை கடைசிவரை இருந்தார்.

அடுத்த மாதக் கோயில் பத்திரிகையில் சில்வெஸ்ரர் மாஸ்ரர் எழுதினார்: 'பியானோவில் ஏற்பட்ட பழுது காரணமாக நிகழ்ச்சி தாமதமாயிற்று. பழுது உடனே சீர்செய்யப்பட்டது.' இசையின் பெயர் இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை.

முப்பத்திரண்டு அளவுகளையும் பிரதி பண்ணினேன். எதற்கான அளவுகள், யார் கழற்றச் சொன்னார் என்றும் எழுதி, கீழே என் முழுப் பெயரைப் போட்டு அந்தப் பத்திரிகைக்கே அனுப்பினேன்.

அவர்கள் போடவில்லை. மாதாமாதம் அனுப்புகிறேன்.