விரல் தொடும் கட்டங்கள்

பார்வை மங்கி மங்கிக் கடைசியில் முழுதாகப் போனபின், சித்தப்பா சதுரங்கப் பலகையைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை சலூன்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு வருவார். சித்தப்பா வாயால் சொல்ல, சலூன்காரர் இரண்டு பக்கத்துக் காய்களையும் தாமே நகர்த்துவார். ஒவ்வொரு வாரமும் சித்தப்பாவுக்கே வெற்றி.

“உங்களை அடிச்சுக்க ஆளே இல்லண்ணே.”

“ஆமாய்யா. கண்ணு இருந்தப்போ உன்கிட்ட ஒரு ஆட்டம் ஜெயிக்க நாக்கு தள்ளும். இப்போ வாராவாரம் ஜெயிக்கறேன். கண்ணு போன இடத்துல மூளை முளைச்சிருக்கு போல.”

சலூன்காரர் அவசரமாக எழுந்து வாசலில் செருப்பைத் தேடினார். அடுத்த வாரம் அவர் வந்தபோது சித்தப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “பிச்சை போட்ட ஆட்டம் எனக்கு வேணாம். போய் ஊருக்கு முடி வெட்டு.”

அதற்குப் பிறகு பல வாரங்கள் அந்த அறையில் வானொலிச் சத்தம் மட்டும்தான். மனிதர் சாப்பாட்டில்கூட உப்பு குறை என்று சண்டை போடுவதில்லை. அதைப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல் போனவள் சின்னவள், அவருடைய அண்ணன் மகள். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவளுக்கு. சரி பார்த்த பக்கத்தை மறுபடி சரி பார்த்து, அதற்குப் பிறகும் ஏதோ விட்டுவிட்டோம் என்று தூக்கத்தில் புரளுகிற சுபாவம். பார்வை இல்லாதவர்கள் ஆடும் பலகை ஒன்று உண்டு என்று எங்கோ படித்தாள். அதில் கறுப்புக் கட்டங்கள் வெள்ளையைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்கும். கட்டத்துக்குக் கட்டம் ஒரு துளை, காய்க்கு அடியில் ஒரு முளை. கை பட்டாலும் காய் சாயாது. விரலால் தடவியே முழு ஆட்டத்தையும் படித்துவிடலாம். கடையில் விற்றவை கையடக்கமானவை. சித்தப்பாவின் பழைய பெரிய காய்கள் அதில் நிற்காது. வேறு காய் அவருக்கு ஆகாது.

“நாமளே செஞ்சா என்ன?” என்றாள் அண்ணி.

அண்ணி, அதாவது சின்னவளின் அண்ணன் மனைவி, ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். சமையலறைக்கு ஒரு முக்காலி செய்யவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகச் சின்னவளோடு மாலை நேர மரவேலை வகுப்பில் சேர்ந்தவள். முக்காலி முடிந்த பிறகும் வகுப்பை விடவில்லை. அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த மெஷினின் ஸ்விட்சைத் தொடுமுன்னும் வாய்விட்டுச் சொல்லுவாள்: “வலது கை இங்க. இடது கை இங்க. அறுந்த துண்டு அங்க போகும்.” தியேட்டரில் கத்தி கைமாறும்போது சொல்லிப் பழகியது. வகுப்பில் கூடப் படித்த பஸ் டிரைவர் அதற்கு ‘மந்திரம்’ என்று பெயர் வைத்திருந்தார்.

வேண்டியது பிஸ்கட் அளவில் முப்பத்திரண்டு கறுப்புச் சதுரங்கள். வகுப்பு எடுக்கும் மாஸ்டரின் சேமிப்பில் கருமரத்தில் நீளமாக அறுத்த பட்டைகள் கொஞ்சம் கிடந்தன. சின்னவள் ஒரு பட்டையை எடுத்து, மேசை ரம்பத்தில், நடுவில் சுழலும் வட்டப் பிளேடுக்கு இணையாக நிற்கும் ஓரக்கட்டையை அளவு பார்த்து நிறுத்தினாள். அளவை மறுபடியும் பார்த்தாள். பட்டையின் நுனியை அதில் முட்டக் கொடுத்துத் தள்ளினாள். அளவு துல்லியம்தான். ஆனால் அறுந்த துண்டு பிளேடுக்கும் கட்டைக்கும் நடுவில் சிக்கி, கோணலாகத் திரும்பி, அவள் இடுப்போரமாகப் பறந்து பின்னாலிருந்த தகர அலமாரியில் மோதியது. அலமாரியில் ஒரு பள்ளம் விழுந்தது.

“யம்மாடி! என் பஸ்ஸுகூட இந்த வேகம் போனதில்ல” என்றார் டிரைவர்.

மாஸ்டர் மெஷினை நிறுத்தினார். “உள்ளங்கையைவிடச் சின்னது எதையும் இனிமே இதுல யாரும் வெக்கக் கூடாது. மாத்திப் போட நான் ஸ்டோர்ல விரல் வாங்கி வெக்கல. கைவாள்ல அறுத்துக்கோம்மா.”

கைவாளில் அறுத்துப் பார்த்தாள். ஒன்று சரிந்தது, ஒன்று மொத்தையாக வந்தது. கண் மன்னிக்கும், சித்தப்பாவின் விரல் மன்னிக்காது. தன்னால் ஆகாத காரியத்தில் தலையைக் கொடுத்துவிட்டதாக நினைத்து, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் உம்மென்று வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் அண்ணி கேட்டாள். “அந்தத் துண்டு அறுந்ததும் எங்க போகணும்னு நெனச்ச?”

“எங்கயும் போகாதுன்னு நெனச்சேன்.”

“அதான். ஒரு பக்கம் பிளேடு, ஒரு பக்கம் கட்டை. நீ அதுக்கு வாசலே வெக்கல. அது பாவம், கெடச்ச வழியா வந்துச்சு.” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சொன்னாள். “மாஸ்டர் சொல்றதும் சரிதான். சின்னதைக் கையில பிடிச்சா ஆபத்து. பெருசைப் பிடிப்போம். அறுந்த பிறகுதான அது சின்னது? அப்போ அது பக்கத்துல நம்ம கையே இருக்காது.”

அந்த வாரம் முழுக்க அண்ணி ஒரு சறுக்குப் பலகை செய்தாள். பிளேடை நோக்கி நேராகச் சறுக்கிப் போகும் கனமான பலகை அது. நடுவில் பிளேடு போக மட்டும் கோடு போல ஒரு பிளவு. துண்டு உள்ளே விழ இடமில்லை. பட்டையை அழுத்திப் பிடிக்க ஒரு மரநாக்கு. அதன் கைப்பிடி பிளேடிலிருந்து ஒரு முழம் தள்ளி. அளவு காட்டும் சிறு கட்டையை பிளேடுக்கு வெகு முன்பே, ஓரக்கட்டையின் தன் பக்க முனையில் பொருத்தினாள். பட்டை அங்கே முட்டி அளவு வாங்கிக்கொண்டு முன்னால் நகர்ந்துவிடும். பிளேடைத் தொடும்போது துண்டுக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி. சின்னவள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். ஒன்றில் தான் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்காமல் போவது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

மாஸ்டர் பலகையைப் புரட்டிப் பார்த்தார். கழிவுக்கட்டையை வைத்து அறுத்துப் பார்த்தார். சதுரம் சமர்த்தாக அப்படியே கிடந்தது. “அறுக்கறதுக்கு முன்னாடி கேட்டிருந்தீங்கன்னா, முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். நடத்துங்க” என்றார்.

அண்ணி கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டாள். கூந்தலைச் சுருட்டி மேலே கட்டினாள். மந்திரத்தைச் சொன்னாள், தள்ளினாள், நிறுத்தினாள். பிளேடு சுற்றி ஓயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஓய்ந்த பிறகுதான் துண்டை எடுத்தாள். அடுத்த துண்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து. எதிலும் ஒரு குறுக்குவழி இல்லை, ஒரு சலிப்பும் இல்லை. முதல் துண்டுக்கு இருந்த அதே கவனம் ஒவ்வொரு துண்டுக்கும் இருந்தது. ஒரு பக்கத்தை மறுபடி படிக்கும்போதே தன் கண் எழுத்துகளைத் தாண்டி ஓடுவதைச் சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

“நர்சம்மா, ஊசி போடக்கூட இவ்ளோ நேரம் எடுத்துக்க மாட்டீங்களே?” என்றார் டிரைவர்.

“அங்க வலி அவங்களுக்குண்ணே. இங்க எனக்கில்ல வலிக்கும்?”

பாதிக்கு மேல் சின்னவளே அறுத்தாள். முதலில் மந்திரம் சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு சொல்லாமல் கை நகரவில்லை. கடைசிச் சதுரம் ஒன்றுதான் பாக்கி என்றபோது கருமரம் தீர்ந்தது. முதல் நாள் அவள் வீணாக்கியதன் வினை. மிச்சம் ஒரு குட்டைத் துண்டு. அளவு தேறும். ஆனால் மரநாக்குக்கு அடியில் வைக்க நீளம் இல்லை, ஓரத்தில் ஒரு விரிசல் வேறு.

“நீளக் கட்டையில ஒட்டி அறுக்கலாமா?” என்றாள் சின்னவள்.

“ஒட்டலாம். விரிசல் தாங்காது, ரெண்டாப் போயிடும்.”

“ஓரத்துல விரலால அழுத்திக்கறேன். ஒரே ஒரு வெட்டு அண்ணி. எவ்ளோ ஜாக்கிரதையா செஞ்சோம், இது ஒண்ணுதானே?”

அண்ணி குனிந்து மெஷினின் பிளக்கையே பிடுங்கி மேசைமேல் வைத்தாள்.

“தியேட்டருக்குக் கையைத் துணியில சுத்திக்கிட்டு வர்றவங்க எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுமா? ‘கடைசி ஒண்ணுதான் சிஸ்டர், முடிஞ்சிருக்கும்.’ நூறு தடவை ஜாக்கிரதையா இருந்தது அவங்களும்தான்.”

சின்னவள் கண்ணில் நீர் முட்டியது. “அப்போ பலகை குறையா நிக்கட்டுமா? சித்தப்பாகிட்ட ஞாயிற்றுக்கிழமை தர்றேன்னு சொல்லிட்டேனே. சலூன்காரரையும் வரச் சொல்லியாச்சு.”

அண்ணி கழிவு மூலையில் குனிந்து தேடி, வெளுத்த மரத்தில் நல்ல நீளப் பட்டை ஒன்றை எடுத்தாள். தடிமனைக் கறுப்புச் சதுரத்தோடு ஒட்டிவைத்து விரலால் தடவிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

“கறுப்பு யாருக்குடி வேணும்? அவருக்கு வேண்டியது உயரம்தானே.”

சின்னவள் பட்டையைக் கையில் வாங்கினாள். இத்தனை வாரமும் தன் கண்ணுக்காகத்தான் கலர் தேடியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பிளக்கைச் செருகினாள். வலது கை இங்க, இடது கை இங்க, துண்டு அங்க. வெளுத்த சதுரம் பொத்தென்று பிரிந்து நின்றது.

சதுரங்களைப் பெரிய பலகையில் ஒட்டிக் காயவிட்டு, அதன் பிறகே துளை போட்டார்கள். சின்னத் துண்டைப் பிடித்துத் துளைபோடும் பேச்சுக்கே இடமில்லை. பழைய காய்களின் அடியில் முளையும், கறுப்புக் காய்களின் தலையில் அடையாளத்துக்கு ஒரு சிறு குமிழும் பொருத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சலூன்காரர் பலகையைப் பார்த்ததும், “ஐயோ, ஒரு கறுப்புக் கட்டம் மட்டும் வெள்ளையா நிக்குதே!” என்றார். சின்னவளுக்கு முகம் சுருங்கியது.

சித்தப்பாவின் விரல்கள் பலகையில் மெல்ல நடந்தன. ஏறின, இறங்கின, ஏறின. மூலைக்கு மூலை போய் வந்தன. “எங்கய்யா வெள்ளை? கறுப்பெல்லாம் ஒரே உயரம். உன் கண்ணுலதான் கோளாறு. உட்காரு.”

ஆட்டம் தொடங்கியது. சித்தப்பா தம் காய்களைத் தாமே எடுத்துத் தாமே நட்டார். ஒவ்வொரு முறையும் விரல்கள் எதிராளியின் பக்கம்வரை உலாவிவிட்டு வந்தன. நடு ஆட்டத்தில் சலூன்காரர் ஒரு சிப்பாயை நகர்த்தினார். சித்தப்பாவின் கை நின்றது.

“யோவ். உன் குதிரை என் ராணியை எடுக்கலாமே. ஏன் எடுக்கல?”

“பார்க்கலண்ணே.”

“நான் பார்த்துட்டேன். சிப்பாயைப் பழைய இடத்துல வை. எடு.”

“அண்ணே…”

“எடுய்யா!”

சலூன்காரர் ராணியை எடுத்தார். அதற்குப் பிறகு ஆட்டம் வெகுநேரம் தாங்கவில்லை. தம் ராஜா சிக்கிய கட்டத்தையும் அதைச் சுற்றிய கட்டங்களையும் சித்தப்பா விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். வழி இல்லை. ராஜாவைப் பிடுங்கிப் படுக்கவைத்தார்.

“தோத்துட்டேன்” என்றார் சித்தப்பா. இத்தனை நாளில் அவர் முகம் அவ்வளவு மலர்ந்து சின்னவள் பார்த்ததில்லை. “அடுக்குய்யா மறுபடியும். சின்னவளே, அவன் வீட்டுக்குப் போகாம வாசக் கதவைத் தாழ் போடு. அப்படியே உங்க அண்ணிகிட்ட சொல்லு, மத்தியானக் குழம்புல உப்பே இல்லன்னு.”