நல்ல வலி

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் மாட்டிக்கொண்டது. முன்னால் பிடித்திருந்த மச்சான், இறந்தவளுடைய தம்பி, சுவரோடு ஒட்டிக்கொண்டு, "கொஞ்சம் தூக்குங்க, கைப்பிடிக்கு மேல போகணும்" என்றான். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"செம கனம்ப்பா" என்று ஒருவன் முணுமுணுத்தான். மற்றவன் முறைத்தான்.

மேல்படியில் நின்ற அவளுடைய கணவருக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். "நான் போனா கிரேன்தான் வரணும்" என்று சலவைக்கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள்தானே.

அந்தக் கடையில் நின்றபடியே இஸ்திரி போட்டுப் போட்டு அவளுடைய முழங்கால்கள் தேய்ந்துபோயின. உடம்பு பெருக்கப் பெருக்க நடை குறைந்தது. நடை குறைந்ததில் உடம்பு இன்னும் பெருத்தது. கடைசியில் மூன்றாம் மாடியை விட்டு அவள் இறங்குவதே நின்றுபோனது.

அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வந்த முதல் நாளே, "பேரிங் தேஞ்சா மாத்தணும். பயிற்சி பண்ணா சரியாயிடுமா?" என்று கேட்டார்.

"தேஞ்சது தேஞ்சதுதான் சார். சுத்தி இருக்கற தசை வலுவானா மூட்டு மேல பாரம் குறையும். அக்கா கொஞ்சம் எடையும் குறைச்சாங்கன்னா நல்லாவே நடப்பாங்க."

சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தச் சொன்னாள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னாள். "இந்தப் பொண்ணுக்கு என் மேல என்ன பகையோ" என்று திட்டிக்கொண்டே அவள் எல்லாவற்றையும் செய்தாள். சின்னத் தட்டுக்கு மாறினாள். போன மாதம் ஒரு நாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி இறங்கி, திரும்ப ஏறி வந்து, கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"வலிக்கலைங்க, அதான்" என்றாள். "அடுத்து தெருவுக்கு."

போன வாரம் காய்ச்சல் வந்து படுத்தே கிடந்தாள். விட்டதைப் பிடித்துவிட வேண்டும் என்று நேற்று அவர்தான் துண்டைச் சுருட்டிக் கொடுத்தார்.

"என்னங்க, இடது கெண்டைக்கால் ஒரு மாதிரி பிடிச்சு இழுக்குது. தொட்டா சுடுது."

"படுத்துக் கெடந்துட்டு இப்பதானே ஆரம்பிக்கற. அப்படித்தான் இருக்கும். இது நல்ல வலின்னு அந்தப் பொண்ணே சொல்லல?"

"அந்த வலி வேறங்க. இது வேற."

"நாளைக்கு வருவா, கேட்டுக்கலாம். நீ விட்டுடாத."

அவள் விடவில்லை.

இன்று காலை நாற்காலியிலிருந்து எழுந்தவள், மூச்சு முட்டுகிறது என்று சொல்லி மறுபடி உட்கார்ந்தாள். அவ்வளவுதான். தெருமுனை டாக்டர் வந்து எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகக் காலைத் தொட்டார். "கால்ல ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போயிருக்கணும். வீங்கியிருக்கே, நீங்க பாக்கலையா?" அவர் போர்வையை இழுத்துக் காலை மூடினார்.

கீழே படியேறி வந்த செருப்புச் சத்தம் சட்டென்று நின்றது. பிசியோதெரபிப் பெண். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள், மேலே நின்ற அவரைப் பார்த்தாள். வண்டிக்காரன் ஒருவன் குனிந்து இழுக்கப் போனான்.

"முதுகை வளைக்காதீங்கண்ணா. முழங்காலை மடக்கித் தூக்குங்க" என்றாள். பையைப் படியில் வைத்துவிட்டு, தானும் ஒரு பக்கம் கை கொடுத்தாள். ஸ்ட்ரெச்சர் கைப்பிடிக்கு மேலாகத் திரும்பியது.

அவளைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வண்டியில் ஏற்றும்வரை அந்தப் பெண் ஓரமாக நின்றாள். பிறகு பக்கத்தில் வந்தாள்.

"எப்படி சார்?"

"காலையில. மூச்சு முட்டுதுன்னா."

அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கெண்டைக்கால்ல வலி, வீக்கம்னு ஏதாவது சொன்னாங்களா?"

மச்சான் வண்டியின் பின்கதவைச் சாத்தினான்.

"இல்லம்மா" என்றார் அவர். "ஒண்ணும் சொல்லல."

அவள் தலையசைத்தாள். அசைத்துக்கொண்டே இருந்தாள். அவர் முன்சீட்டில் ஏறி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மச்சானுக்காகக் காத்திருந்தார்கள். திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே, அந்தப் பெண் நடைபாதையில் நின்று யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வர லேட்டாகும்மா. ரெண்டு கெண்டைக்காலும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க. இல்ல, இப்பவே. தொட்டுப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் கைப்பிடியைச் சுழற்றி ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். பாதியில் சிக்கியது. இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேல் விளிம்பு வரை ஏற்றினார்.